பத்தாவது ஃபாரம்

அச்சகத்துக்குக் கோப்பு போக இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. அதற்குள் அவள் நான்கு பக்கத்தில் ஒரு முன்னுரை எழுதித் தர வேண்டும். நான்கு பக்கம் எழுதுவது அவளுக்கு மலையைப் புரட்டும் வேலை அல்ல. இந்த நாவலைப் பெரியவர்தான் எழுதினார் என்று நம்புவதுதான் மலையாக இருந்தது.

பெரியவர் என்றால் பதிப்பகத்தில் ஒருவர்தான். ஏழு நாவல்கள் எழுதியவர். பிறகு ஒன்பது வருடம் ஒரு வரிகூட எழுதாமல் இருந்தவர். போன வாரம் எட்டாவது நாவல் ஒரு பென் டிரைவில் வந்து இறங்கியது. அன்றிலிருந்து முதலாளிக்குக் கால் தரையில் படவில்லை.

"கெமிஸ்ட்ரி, முன்னுரை நீதான்" என்றார். "அந்தக் கட்டுரைல எழுதினியே, அதே மாதிரி. பெரியவரோட கை இதுலயும் அப்படியே இருக்குன்னு சொல்லிடு. கீழ உன் பேரு."

கெமிஸ்ட்ரி என்பது அவள் படித்த பட்டம். இங்கே அதுவே அவள் பெயராகிவிட்டது. தண்ணீர் பரிசோதனைக் கூடம் ஒன்றில் ஒன்றரை வருடம் இருந்தாள். குடுவைகள் யாரையும் "ஏம்மா பேச மாட்டேங்கற?" என்று கேட்பதில்லை என்பதால் அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. அங்கிருந்து மெய்ப்புப் பார்க்க இந்த இரண்டு அறைப் பதிப்பகத்துக்கு அவளைக் கொண்டுவந்தது அந்தக் கட்டுரைதான். அவளும் கதை எழுதுகிறவள். நான்கு கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. அதை அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

கட்டுரை மூன்று வருடத்துக்கு முன் ஒரு சின்னப் பத்திரிகையில் வந்தது. பெரியவரின் மூன்றாவது நாவலை எடுத்துக்கொண்டு, கதை சொல்வதில் அவர் செய்யும் நான்கு காரியங்களைப் பற்றி எழுதியிருந்தாள். அவர் கதையில் யாரும் வெறுங்கையோடு நிற்பதில்லை. பொய் சொல்கிறவன் அந்த நேரத்தில் ஏதாவது ஒரு சின்ன வேலையை மிக ஒழுங்காகச் செய்துகொண்டிருப்பான். வீட்டுக்குள் சண்டை வந்தால் அடுப்பில் பால் இருக்கும். சண்டைக்கு எவ்வளவு நேரம் என்பதைப் பால் முடிவுசெய்யும். ஒரே ஒரு தடவை வந்து போகிற தபால்காரருக்குக்கூட, கால் கடிக்கும் செருப்பு மாதிரி, சொந்தமாக ஒரு குறை இருக்கும்.

நான்காவதைக் கடைசிக்கென்று வைத்திருந்தாள். நாவலின் நடுவில் அம்மாவை வண்டியில் ஏற்றுகிறார்கள். கதவைச் சாத்துகிறார்கள். அத்தோடு அத்தியாயம் முடிகிறது. அடுத்த அத்தியாயத்தில் பிள்ளைகள் இருவரும் அம்மாவின் கட்டில் யாருக்கு என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். சாவு இல்லை, அழுகை இல்லை. கதையின் உயிரான இடத்தைச் சொல்லாமலே தாண்டிப் போகிற துணிச்சல் வேறு யாருக்கு வரும் என்று எழுதியிருந்தாள். படித்தவர்கள் எல்லாரும் அந்தப் பத்தியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். முதலாளி அதை மனப்பாடமாகச் சொல்வார்.

பதிப்பகத்தில் சேர்ந்த நான்காவது மாதம் அதே நாவலின் மறுபதிப்பு அவள் மேசைக்கு வந்தது. வண்டிக் கதவு சாத்தியது. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அம்மா வண்டிக்குள் பேசினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசினாள். விடியும்வரை பேசி, பிறகு செத்தாள். பதினாறு பக்கம்.

அன்று மாலை வீட்டுக்குப் போய்த் தன் பழைய பிரதியை எடுத்துப் பார்த்தாள். நூற்று நாற்பத்து நான்காம் பக்கத்துக்குப் பிறகு நூற்று அறுபத்தொன்று. அச்சகத்தில் பதினாறு பதினாறு பக்கமாக மடித்து, ஒவ்வொரு மடிப்பையும் ஒரு ஃபாரம் என்பார்கள். அவள் பிரதியில் பத்தாவது ஃபாரத்தை வைத்துத் தைக்க மறந்திருந்தார்கள். பெரியவர் அத்தியாயங்களுக்கு எண் போடுகிறவர் அல்ல. மடிப்பும் அத்தியாயமும் ஒரே இடத்தில் முடிந்து தொலைத்திருந்தன. படிக்கட்டைக்கூட எண்ணிக்கொண்டே ஏறுகிறவள் பக்க எண்ணைப் பார்க்காமல் விட்டிருந்தாள்.

இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. கட்டுரை வந்தபோது நாவல் கடைகளில் கிடைக்கவில்லை. பாராட்டியவர்களுக்குக் கதை பாதி மறந்திருந்தது. அவளுக்கு அது வசதியாகப் போயிற்று. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். அவள் இரண்டு வருடமாக அந்தக் கனத்தோடு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது எட்டாவது நாவல். அதில் எல்லாருடைய கையிலும் வேலை இருந்தது. சண்டை வந்த இடத்தில் எல்லாம் பால் இருந்தது. மின்சாரக் கணக்கெடுக்க வந்தவருக்குப் பல்வலி. அதுவரை பரவாயில்லை. ஆனால் மருத்துவர் வாயைத் திறக்கிற இடத்தில் அத்தியாயம் முடிந்து, அடுத்ததில் வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் இரண்டு இடங்களில் அதே தாண்டல். பெரியவர் தன் வாழ்நாளில் ஒரு தடவைகூடச் செய்யாத காரியம். அந்தத் தாண்டல் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது, அவளுடைய கட்டுரையில்.

யாரோ அதைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் பத்தாவது ஃபாரத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால், போலி என்று தெரிந்தும் பெரியவர் எழுதியதுதான் என்று அவள் பெயர்போட்டுச் சாட்சி சொல்ல வேண்டும்.

அன்று மாலை அக்கா வேலையிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். அக்கா கண் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர். ஊரில் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்பது அவள் அனுபவம். எழுத்துப் பலகையில் கடைசி வரி தெரிகிறது என்றுதான் எல்லாரும் சொல்வார்களாம்.

"என்னடி, மூஞ்சி வெந்துபோன மாதிரி இருக்கு?"

"ஒருத்தர் எழுதின மாதிரி இன்னொருத்தர் எழுதினா எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"யாருக்கு லாபம்னு பாரு. இதுக்குப் பெரிய படிப்பு வேணுமா?"

"முதலாளிக்கு லாபம்."

"அப்ப அவருதான். அடுத்த கேஸ் கொண்டா."

அவள் சிரிக்கவில்லை. "அக்கா, எனக்கு பிறந்தநாளுக்குப் பெரியவரோட மூணாவது நாவல், பழைய பிரதி, வாங்கிக் குடுத்தியே, ஞாபகம் இருக்கா?"

"ஏன், அதுக்கு இப்ப என்ன?"

"ஒண்ணுமில்ல."

"உன் ஒண்ணுமில்லையத்தான் இருபத்தாறு வருஷமா பாக்கறேனே" என்றாள் அக்கா.

மறுநாள் காலையில் அவள் முதலாளியைப் புதுக் கண்ணோடு பார்த்தாள். முதலாளி நல்லவர்தான். ஆனால் நான்கு வரியில் ஒரு பத்தி எழுதச் சொன்னால் நெற்றி வியர்த்துவிடும். அவரால் முந்நூறு பக்கம் எழுத முடியும் என்றால் எலியால் ஏர் உழ முடியும். சந்தேகம் அவரை விட்டு, பக்க வடிவமைப்பு செய்கிற அண்ணனிடம் போயிற்று. அண்ணன் ரகசியமாகக் கதை எழுதுகிறவர் என்று ஒரு பேச்சு உண்டு.

"அண்ணே, இந்தக் கோப்பு உங்ககிட்ட எப்ப வந்துச்சு?"

"புதன்கிழமை. ஏன்?"

"அதுக்கு முன்னாடி பாத்ததே இல்லையா?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, நான் எழுதினேன்னு நினைக்கறியா? நான் எழுதியிருந்தா முந்நூறு பக்கத்துல ஒரு காதலாவது இருந்திருக்கும். இதுல எல்லாரும் பீன்ஸ் நறுக்கிட்டே சாகறாங்க."

கீழே கண்ணாடிக் கடையில் எதையோ அறுக்கும் சத்தம் பல்லைக் கூசவைத்தது. அவள் முதலாளியின் மேசைக்குப் போனாள்.

"சார், பென் டிரைவ் யாரு கொண்டுவந்து குடுத்தாங்க?"

"பெரியவர் வீட்டம்மா."

"பெரியவர் போன்ல பேசினாரா?"

"அவர் என்னிக்குப் போன்ல பேசியிருக்காரு? எல்லாம் அம்மாதான். நீ முன்னுரை எழுதறியா, துப்பு துலக்கறியா?"

"ரெண்டு மூணு சந்தேகம் இருக்கு சார். ஒரு நடை நேர்ல போய்க் கேட்டுட்டு வந்துடறேன்."

"போ. ஆனா சந்தேகத்தை அங்கேயே விட்டுட்டு வா. எனக்கு நாளைக்கு ஒன்பது மணிக்கு ஃபைல் போகணும்."

பேருந்தில் போகும்போது கணக்கு தானாக விழுந்தது. இதுவரை வந்த ஏழு நாவல்களும் பெரியவரின் மனைவி கையெழுத்தில்தான் வந்தன என்று எல்லாருக்கும் தெரியும். அவர் கிறுக்குவார், அம்மா நல்ல பிரதி எடுப்பார். முப்பத்து நான்கு வருடம் ஒருவரின் வாக்கியங்களைப் பிரதி எடுத்த கைக்கு, எட்டாவதைத் தானாகவே எழுதத் தெரியாதா? பெரியவருக்கு முடியாமல் போயிருக்கும். பெயர் வாடக்கூடாது என்று அம்மா உட்கார்ந்து எழுதியிருப்பார். இரக்கமாகத்தான் இருந்தது. அதற்காக அவள் ஏன் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்?

மூன்றாவது மாடி. ஐம்பத்து நான்கு படிகள். கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது.

"யாரு?"

"பதிப்பகத்துலேருந்து வரேம்மா. மெய்ப்புப் பாக்கறவ."

உள்ளிருந்து ஒரு கண் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தது. "கெமிஸ்ட்ரியா?"

"ஆமா. உங்களுக்கு எப்படி..."

"உங்க முதலாளி போன் எடுத்தாலே உன் புராணம்தான். வா. செருப்பை ஓரமா விடு."

சின்னக் கூடம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவர் முழுக்கப் புத்தகம். மேசையில் பேப்பரும் இல்லை, பேனாவும் இல்லை. ஒரு தட்டில் பீன்ஸ் மட்டும் இருந்தது. அம்மா அறுபது வயதுக்கு விறைப்பாக இருந்தார்.

"அவர் இல்ல. அது உனக்குத் தெரியுமே."

"எனக்கா? தெரியாதும்மா."

"பத்து மணிக்குக் கிளம்பிட்டாரு. என்ன, இன்னிக்கு அங்க போகாம இங்க வந்துட்ட?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அம்மா தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "கைய சும்மா வச்சுக்கிட்டு உக்காராத. பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு. நார் எடு."

அவள் ஒரு பீன்ஸை எடுத்தாள். கட்டுரையின் முதல் காரியம் அவள் விரலுக்கு நடுவில் பச்சையாக இருந்தது. சந்தேகம் இன்னும் ஒரு சுற்று இறுகியது.

"அம்மா, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. இந்த நாவலை யாரு டைப் பண்ணினது?"

"அதை நான் உன்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன்."

"என்கிட்டயா?"

"பின்ன? ஏழு நாவல் என் கையில போச்சு. அவர் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதைப் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். இது மட்டும் ஒரு தாள்கூட என் கண்ணுல படல. ஒரு நாள் இந்த டிரைவை நீட்டி, கொண்டுபோய்க் குடுன்னாரு. குடுத்தேன். குடுக்கறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுப் பொண்ணோட லேப்டாப்ல ரெண்டு நாள் உக்காந்து படிச்சேன்." அம்மா ஒரு பீன்ஸை ஒடித்தார். "அவர் எழுதின மாதிரியேதான் இருக்கு. அதான் தப்பு. எவளோ பாத்துப் பாத்து எழுதியிருக்கா. பாலை அடுப்புல வச்சு, நாலு வார்த்தை பேசறதுக்குள்ள பொங்குது. ரெண்டு லிட்டர் பாலு! அடுப்படிப் பக்கமே போகாதவ எழுதினது."

அவளும் அந்த இடத்தைக் குறித்து வைத்திருந்தாள். ரசாயனம் படித்தவளுக்கு அந்த வேகம் உறுத்தியிருந்தது. ஆனால் அம்மாவே எழுதியிருந்தால் இதை இவ்வளவு கோபமாகச் சொல்ல மாட்டார். பேருந்தில் போட்ட கணக்கு முழுவதும் அந்தப் பாலோடு வழிந்துபோயிற்று.

"உனக்குச் சமைக்க வருமா?" என்றார் அம்மா.

"அக்காதான் சமைப்பா."

"நினைச்சேன்." அம்மா தலையை ஆட்டினார். "அஞ்சு மாசமா தினம் பத்து மணிக்குப் பையை மாட்டிட்டுப் போறாரு. ஒரு மணிக்கு வராரு. எங்கன்னு கேட்டா காத்து வாங்கன்னு சொல்றாரு. ஒரு நாள் பைய உதறினா, உள்ள உன் கட்டுரை. அடிக்கோடு போட்டு, மடிச்சு, கிழியற மாதிரி. எனக்கு எழுத்து மட்டும்தான் படிக்கத் தெரியும்னு நினைச்சிட்டாரு. ரெண்டும் ரெண்டும் நாலுன்னு எனக்கும் தெரியும். சொல்லு, நீதான எழுதிக் குடுத்த?"

சந்தேகப்பட்டு வந்த வீட்டில் தானே குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"சத்தியமா நான் இல்லம்மா. நான் அவரைப் பாத்ததே இல்ல."

"கட்டுரைல இருக்கற நாலும் நாவல்ல இருக்கு. வேற யாரு?"

"அந்த நாலும் இருக்கறதாலதான் நான் இல்லன்னு சொல்றேன்." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "நாலாவது பொய்ம்மா. நான் எழுதியிருந்தா அதை வச்சிருக்கவே மாட்டேன்."

"எது, அந்தத் தாண்டறதா?"

"ஆமா. என் பிரதியில பதினாறு பக்கம் இல்ல. பைண்டிங்ல ஒரு ஃபாரம் விட்டுப்போச்சு. கதைல வர அம்மா சாகறதை அவர் எழுதலைன்னு நினைச்சு, அதைப் பெரிய துணிச்சல்னு புகழ்ந்துட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடிதான் தெரிஞ்சுது. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா வேலை போயிடும், மானமும் போயிடும்."

அம்மா கையிலிருந்த பீன்ஸைத் தட்டில் போட்டார். "அந்தப் பதினாறு பக்கத்தை நான் மூணு தடவ பிரதி எடுத்தேன். மூணு தடவையும் அழுதேன். உன் கட்டுரையப் படிச்சதும், இவ நாவலையே படிக்காம எழுதியிருக்கான்னு நினைச்சேன்."

"படிச்சேன்மா. பதினாறு பக்கம் குறைச்சலா."

அம்மாவின் வாய் ஓரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பா என்று தீர்மானிப்பதற்குள் கதவில் அசைவு தெரிந்தது. அவள் உள்ளே வந்த பிறகு யாரும் சங்கிலியைத் திரும்பப் போட்டிருக்கவில்லை. கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு, தோளில் துணிப்பையோடு, உயரமான ஒருவர் வாசலில் நின்றார். நின்று கொஞ்ச நேரம் ஆகியிருக்க வேண்டும், மூச்சு வாங்கவில்லை.

அவள் எழுந்தாள். மடியிலிருந்த நார் தரையில் கொட்டியது. பத்தொன்பது வயதிலிருந்து அவள் படித்த அத்தனை வாக்கியங்களும் ஒரு கசங்கிய சட்டை போட்டுக்கொண்டு எதிரில் நின்றிருந்தன.

"உக்காரும்மா" என்றார் அவர்.

"அவ உக்காரட்டும், நீங்க நில்லுங்க" என்றார் மனைவி. "இவ எழுதலையாம். நானும் எழுதல. அப்ப யாரு எழுதினது? வாயைத் தொறந்து சொல்லுங்க. நாளைக்குக் காலைல இந்தப் பொண்ணு இது உங்களோடதுன்னு பேரு போட்டு எழுதணும்."

"நான்தான்."

"பொய்."

"நூலகத்துல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. பத்துலேருந்து ஒரு மணி வரைக்கும் கூட்டம் இருக்காது. ஒத்த விரலால அடிச்சேன்." வலது ஆள்காட்டி விரலைக் காட்டினார். நகத்துக்குக் கீழே சிவந்து காய்த்திருந்தது. "ரெண்டு லிட்டர் பால் எவ்வளவு நேரத்துல பொங்கும்னு அங்க யாருக்கும் தெரியல."

"என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"உன்னைக் கேக்கக்கூடாதுன்னுதான அங்க போனேன்."

அம்மாவின் முகம் மாறியது. இவ்வளவு நேரம் அதில் இருந்த சந்தேகம் போய், அதைவிட மோசமான ஒன்று வந்து உட்கார்ந்தது. "முப்பத்தி நாலு வருஷம் எழுதினேன். ஒரு எழுத்து விட்டிருப்பேனா? என் கைக்கு என்ன வந்துச்சு? ஏன் எனக்குக் காட்டல?"

"உன் கைக்கு ஒண்ணும் வரல" என்றார்.

"சொல்லுங்க."

அவர் பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். மனைவியைப் பார்க்கவில்லை. மெய்ப்புப் பார்க்க வந்தவளைப் பார்த்தும் பார்க்காமலும் பேசினார்.

"இந்தப் பொண்ணு என்னைப் பத்தி நாலு விஷயம் உசத்தியாச் சொல்லியிருந்தா. படிச்சதும் மாசக்கணக்குல ஒரே சந்தோஷம். அப்புறம் பரண்லேருந்து என் கிறுக்கல் நோட்டையெல்லாம் இறக்கி, அதை நான் எங்க செஞ்சிருக்கேன்னு தேடினேன். என் நோட்டுல எல்லாரும் கைய தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறாங்க. சண்டை போடறாங்க, அடுப்புல ஒண்ணும் இல்ல. தபால்காரன் வரான், லெட்டரக் குடுக்கறான், போறான். அவ்வளவுதான். பாலும் செருப்புக் கடியும் நீ பிரதி எடுக்கறப்ப வந்தது. எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. நாலாவது எங்கேருந்து வந்துச்சுன்னு மட்டும் அஞ்சு மாசமா புரியாம இருந்துச்சு. இப்ப வாசல்ல நிக்கறப்ப அதுவும் தெரிஞ்சுபோச்சு."

"அதுக்காகவா..." என்றார் அம்மா.

"தனியா உக்காந்து எனக்கும் வருதான்னு பாத்துடலாம்னு தோணுச்சு. வேற ஒண்ணுமில்ல." அவர் குனிந்து தரையில் கிடந்த நாரைப் பொறுக்கத் தொடங்கினார். "மூணு உன்னோடது. ஒண்ணு புத்தகம் தைச்சவனோடது. இந்தப் பொண்ணு புகழ்ந்த நாலுல என்னோடது ஒண்ணுகூட இல்ல."